ரங்கூனில் ஒரு குடை

என் மாமனாருக்கு இரண்டு சமாசாரங்கள் ஆகாது. ஒன்று குடை. இன்னொன்று யார் என்று கல்யாணமான வாசகர்கள் சுலபமாக ஊகித்திருப்பீர்கள்.

1998. தலைதீபாவளி. வியாசர்பாடியில் மாமனார் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கினால் கீழே முழங்கால் வரை தண்ணீர், மேலே கொட்டுகிற மழை. என்னை அழைத்துப் போக ஸ்டாப்பிலேயே வந்து நின்றிருந்தார், தெப்பமாக நனைந்தபடி. எனக்குப் பதறிவிட்டது. கையில் புத்தம் புதுக் குடை, பட்டனைத் தட்டினால் ‘டப்’பென்று விரிகிற ரகம். தட்டி, அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

பாம்பைப் பார்த்தவர் மாதிரி விலகினார்.

“வேணாம் மாப்ளே. நான் குடை பிடிக்கிறதில்ல. நீங்க பிடிச்சுக்கிட்டு வாங்க.”

மாமனார் நனைந்துகொண்டு முன்னால் போக, மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனால் தெரு என்ன பேசும்? மடக்கி அக்குளில் செருகிக்கொண்டேன். இரண்டு பேருமாக நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். தலைதீபாவளிக்கு மோதிரம் வாங்கின மாப்பிள்ளைகள் உண்டு, ஸ்கூட்டர் வாங்கின மாப்பிள்ளைகள் உண்டு. நான் ஜுரம் வாங்கினேன்.

ராத்திரி கஷாயம் கொண்டுவந்த மனைவியிடம் கேட்டேன். “உங்கப்பாவுக்கும் குடைக்கும் என்ன தகராறு?”

“அது ரங்கூன் விஷயம். அவர்கிட்ட கேட்டு வைக்காதீங்க.”

கேட்கவில்லை. இருபத்தோரு வருஷம்.

அது ரங்கூனிலிருந்து வந்த குடும்பம் என்பது பெண் பார்க்கப் போனபோதே தெரியும். ரங்கூன் என்றால் எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ‘பராசக்தி’ படமும், பாட்டி வீட்டு பர்மா தேக்கு பீரோவும்தான். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி கிடையாது, மொய்ங்கா. மாமனாரும் மாமியாரும் சண்டை போட்டுக்கொண்டால் பர்மிய மொழியில் போட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குப் புரியக் கூடாதாம். எனக்கும் புரியாது. ஆனால் நடுநடுவே என் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

2019 நவம்பரில்தான் குடை விஷயம் வெளியே வந்தது.

நவம்பர், பென்ஷன்காரர்களுக்குப் பரீட்சை மாதம். ‘நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று பேங்கில் போய் நிரூபிக்க வேண்டும். மாமாவுக்கு வருவது மாசம் ஆயிரத்துச் சொச்சம் (சொச்சத்தை விட்டுவிட்டுச் சொன்னால் கோபித்துக்கொள்வார்). பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் முப்பது வருஷம் கணக்கு எழுதியதற்கு அரசாங்கம் செய்யும் மரியாதை. என் ஆபீஸும் அந்தப் பக்கம்தான் என்பதால் வருஷா வருஷம் துணைக்கு நான். அன்றைக்கு விரல்ரேகை மெஷின் அவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. வலது கட்டை விரல், இடது கட்டை விரல், ஆள்காட்டி விரல்... கடைசியில் மோதிர விரலுக்கு மனமிரங்கி, ‘உயிரோடு இருக்கிறார்’ என்று ஒப்புக்கொண்டது.

அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடைக்குப் போனோம். தெரியாதவர்களுக்கு: நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் கொண்டுவந்தது. மழை. தார்ப்பாய்க்கு அடியில் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூரியர் பையன் ஒருத்தன் சாப்பிட்டு முடித்து, குடையைச் சுவரில் சாய்த்தது சாய்த்தபடி மறந்துவிட்டுக் கிளம்பினான்.

மாமா அதைப் பார்த்தார். அடுத்த நொடி தட்டை என் கையில் திணித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மழையில் ஓட ஆரம்பித்துவிட்டார். எழுபத்தைந்து வயசு.

“தம்பி! குடை... தம்பி! குடை!”

அவர் கையில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குடையைப் பார்த்தேன். அப்போதும் விரிக்கவில்லை. வேட்டிக் குத்துவாளைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு ஓடினார். பையன் பைக்கை உதைக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்து, அவன் கையில் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். சூப்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்.

“என்னோடது ஒண்ணு அங்க யூனியன் பில்டிங்ல இருக்கு மாப்ளே. என்னோடது இல்ல... இன்னொருத்தனோடது.”

ரங்கூன் பல்கலைக்கழகம் 1920-ல் ஆரம்பமானது. ஆரம்பித்த அதே வருஷம் டிசம்பரில் மாணவர்கள் ஸ்டிரைக் செய்துவிட்டார்கள். பர்மாவின் தேசிய நாளாக இன்றைக்கும் அந்த ஸ்டிரைக்கைத்தான் கொண்டாடுகிறார்கள். உலகத்தில் வேறெந்த நாடாவது காலேஜ் ஸ்டிரைக்குக்கு லீவு விடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. 1930 வாக்கில் அந்த வளாகத்துக்குள் மாணவர் சங்கத்துக்கு என்று தனியாக ஒரு கட்டடம் வந்தது. மாமா அதை வர்ணித்தபோது நான் ஏதோ அரண்மனையை எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. கூட்டம் போட ஹால், பேப்பர் படிக்க ரூம், அரட்டைக்கு வராந்தா.

“முதல்ல செகரட்டரியா இருந்ததே ஒரு இந்தியாக்காரர், தெரியுமா? ரஷீத்னு பேரு. பொறந்தது அலகாபாத்.” இதைச் சொல்லும்போது மாமாவின் குரலில் ஏதோ சொந்த மச்சானைப் பற்றிப் பேசுகிற பெருமை. அந்த ரஷீத் பிற்பாடு பர்மாவில் மந்திரியாகவே ஆனார்.

இந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. ரங்கூனில் நம்மவர்களுக்கு ‘கலா’ என்று ஒரு பட்டம். கடல் தாண்டி வந்த அந்நியன் என்று அர்த்தம். சொல்கிற தொனியைப் பொறுத்து அது சாதாரண வார்த்தையாகவும் இருக்கும், காறித் துப்புவதாகவும் இருக்கும். மாமாவின் அப்பா கமாயூட்டில், பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மளிகைக்கடை வைத்திருந்தார். கடையில், பஸ்ஸில், சினிமா க்யூவில், எல்லா இடத்திலும் ‘கலா’தான். “யூனியன் பில்டிங்ல மட்டும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல மாப்ளே. அங்க நான் ‘கோ’. அண்ணேங்கிற மாதிரி மரியாதை. நான் அவங்களைவிடச் சின்னப் பையன். இருந்தாலும் கோ.”

அந்த ஒரு ‘கோ’வுக்காக, கெமிஸ்ட்ரி கிளாஸ் முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவாராம்.

அவர் அங்கே போய் உட்கார்ந்த நாற்காலிகளில் அதற்கு முன் உட்கார்ந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1936-ல் சங்கத் தலைவர் நூ என்கிற இளைஞர். நிர்வாகத்தை விமர்சித்துப் பேசியதற்காக அவரை வெளியேற்றினார்கள். அதே சமயம், சங்கப் பத்திரிகையான ‘ஓவே’யில் (மயில் அகவும் சத்தமாம் அது, சண்டைக்கு நிற்கும் மயில்தான் மாணவர்களின் சின்னம்) பல்கலைக்கழகப் பெரிய மனிதர் ஒருவரை நரகத்து நாய் என்று கிழித்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவன் பெயர் இல்லை. யார் எழுதினது என்று ஆசிரியரைக் கூப்பிட்டு மிரட்டினார்கள். ஆசிரியர் சொல்ல மாட்டேன் என்றார். பத்திரிகை தர்மம் என்றார். அவருக்கும் டிஸ்மிஸ் உத்தரவு. ஆசிரியரின் பெயர் ஆங் சான்.

நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஷ்வேடகான் பகோடா குன்றில் போய் முகாம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பரீட்சையைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று (உலகத்தில் எந்த மாணவப் போராட்டத்திலும் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் நூறு சதவிகித ஆதரவு இருக்கும்). கடைசியில் இரண்டு பேரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆங் சான் பிறகு சங்கத்துக்குத் தலைவரானார், நாட்டின் விடுதலைக்கே தலைவரானார், 1947 ஜூலை 19-ல் முப்பத்திரண்டு வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948-ல் விடுதலை வந்தபோது பிரதமராக உட்கார்ந்தவர், ஊ நூ. அந்தப் பழைய சங்கத் தலைவர்தான்.

அதே பல்கலைக்கழகத்தில் 1929-ல் இன்னொரு பையனும் சேர்ந்தான். டாக்டராக வேண்டும் என்று ஆசை, பாடம் பயாலஜி. தேறவில்லை. 1931-ல் படிப்பை விட்டுவிட்டு, பிழைப்புக்குத் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். ஆபீஸ் உத்தியோகத்தில் இருக்கிற நம்மில் பலருடைய ஜாதகமும் ஏறக்குறைய இதேதான் என்பதால் ஆரம்பத்தில் எனக்கு அவன்மேல் கொஞ்சம் பரிவுகூட வந்தது. பிறகு அவன் பட்டாளத்துக்குப் போனான், பெயரை மாற்றிக்கொண்டான். நே வின்.

1962 மார்ச் 2. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். ஊ நூ ஜெயிலில். பாராளுமன்றம் இல்லை, அரசியல் சட்டம் இல்லை. ஜூன் மாதம் என் மாமா, பதினெட்டு வயசு, ஐ.எஸ்ஸி. வகுப்பில் போய் உட்கார்ந்தார். அந்த வருஷம் ஹாஸ்டல்களுக்குப் புது ரூல் வந்திருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு கேட் பூட்டப்படும்.

“இதுக்கா மாமா சண்டை?” என்று கேட்டுவிட்டேன்.

“எட்டு மணி கேட்டுக்கு இல்ல மாப்ளே. ஊர்ல எல்லா கேட்டையும் அவன் பூட்டிட்டான். மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்.”

அடுத்த நாலு நாள் சமாசாரத்தை அவர் சொன்ன விதமாகவே சொல்கிறேன்.

ஜூலை, ரங்கூனில் பேய் மழைக் காலம். வியாழக்கிழமை சாயங்காலம் யூனியன் வராந்தாவில் மழைக்கு மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கூடப் படிக்கிற பர்மியப் பையன், ஹாஸ்டல்வாசி, “எனக்கு நாலு எட்டுதான், நான் ஓடிடுவேன். நீ தூரம் போகணும், நாளைக்குக் கொடு” என்று தன் குடையைக் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனார். ஹாலில் கூட்டம், கூச்சல், யார் யாரோ மேஜை மேல் ஏறிப் பேசுகிறார்கள். குடையைப் படிக்கிற ரூம் சுவரில் சாய்த்துவிட்டு இவரும் நின்று கேட்டார். குடைக்காரன் கண்ணில் படவில்லை. கூட்டம் முடிந்தபோது மழை விட்டிருந்தது. மழை விட்டால் குடையை யார் நினைப்பார்கள்? கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ராத்திரி சாப்பிட உட்காரும்போது ஞாபகம் வந்தது. சரி, நாளைக்கு.

மறுநாள் சனிக்கிழமை, ஜூலை 7. அன்றைக்குப் பெரிய கூட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். பட்டாளம் வரும் என்று கடைக்கு வந்தவர்களும் பேசிக்கொண்டார்கள். மாமா போகவில்லை.

“எல்லார்கிட்டயும், அப்பா போகக் கூடாதுன்னு தடுத்துட்டார்னு சொல்லியிருக்கேன். உங்க மாமியார்கிட்டகூட அப்படித்தான். தடுக்கல மாப்ளே. அவர் அன்னைக்குச் சரக்கு எடுக்க ஹார்பருக்குப் போயிருந்தார். செருப்பை மாட்டிக்கிட்டு வாசப்படி வரைக்கும் வந்தேன். திரும்பிப் போய்க் கல்லாவுல உக்காந்துட்டேன்.”

சூப் ஆறிப் போயிருந்தது. கடைக்காரர் கேட்காமலேயே வேறு ஊற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் சத்தம் கேட்டிருக்கிறது. தீபாவளி மாதிரி, ஆனால் ரொம்ப ஒழுங்காக, விட்டு விட்டு. வளாகத்துக்குள் புகுந்து மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் 15 பேர் என்றது அரசாங்கம். நூற்றுக்கு மேலே என்றார்கள் மாணவர்கள். இரண்டு கணக்கும் இன்று வரை நேர் செய்யப்படவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். மாமா திண்ணையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். தரை ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தது. கடை அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. அப்புறம்தான் சத்தம். யூனியன் கட்டடத்துக்கு வெடி வைத்துவிட்டார்கள். அடியோடு. உள்ளே பிள்ளைகள் ஒளிந்திருந்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அன்றைக்கு ரேடியோவில் நே வின் பேசினார். மோத வந்தால் வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி என்று. எதிரே நின்றவர்கள் கையில் புத்தகமும் குடையும்தான் இருந்தன.

ஏன் கட்டடத்தை? ஆட்களைச் சுட்டாகிவிட்டது, கூட்டம் கலைந்தாகிவிட்டது. செங்கல் என்ன பாவம் செய்தது? இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரன் முப்பதுகளில் அந்த யூனியனோடு அவ்வளவு மல்லுக்கட்டியும் கட்டடத்தில் கை வைக்கவில்லை. நே வினுக்குத்தான் தோன்றியது. அந்த ஹாலிலிருந்து கிளம்பிய பையன்கள் என்ன செய்வார்கள் என்று வெள்ளைக்காரனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆங் சானோடு சேர்ந்து ஜப்பான்காரனிடம் ராணுவப் பயிற்சி எடுத்த முப்பது பேரில் அவரும் ஒருத்தர் ஆயிற்றே.

பல்கலைக்கழகத்தை இழுத்து மூடினார்கள். ஒரு வாரம் கழித்து மாமா அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். காவல். தூரத்திலிருந்து பார்த்தால் வராந்தா இருந்த இடத்தில் ஆகாயம். குடைக்காரனை விசாரிக்க யாருமில்லை, ஹாஸ்டல் காலி. ஊருக்குப் போயிருக்கலாம். அவனுக்கு வடக்கே, மாந்தளே பக்கம். அல்லது போகாமலும் இருந்திருக்கலாம். சனிக்கிழமை அவன் எங்கே இருந்தான் என்று மாமாவுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும், அவன் வீட்டில் உட்காருகிற ரகம் இல்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு, அதுதான் அவரைத் தின்றது: குடையைத் தேடிக்கொண்டு யூனியனுக்குப் போயிருப்பானோ?

“படிச்சது போதும், கடையில உக்காரு” என்றார் அப்பா. உட்கார்ந்தார். 1964-ல் கடையும் போயிற்று. கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த மே மாதமே நூறு, ஐம்பது க்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். (இந்த இடத்தில் மாமா என்னைப் பார்த்து, “உங்களுக்கு 2016-லதான் புதுசு. எங்களுக்கு ரெண்டாவது தடவை” என்றார்.) லட்சக்கணக்கான இந்தியர்களோடு அவர்களும் கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மழை. அப்பா ஒரு குடை வாங்கி நீட்ட, மகன் வாங்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலேஜிலும் ஒரு யூனியன் ரூம் உண்டு. கேரம் போர்டு, கால் உடைந்த பெஞ்ச், ஒரு நோட்டீஸ் போர்டு. நான் துணைச் செயலாளர். மூன்றாம் வருஷம் தேர்தலை நிறுத்தினார்கள். ‘தேர்தல் வேண்டாமென்று மாணவர்களாகிய நாங்களே விரும்புகிறோம்’ என்று டைப் அடித்த ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கான்டக்ட் சர்டிபிகேட் அவர்கள் கையில். எட்டுப் பேரில் ஏழு பேர் போட்டோம். நான் மூன்றாவது கையெழுத்து. போடாதவன், வெளியே வந்ததும், திட்டக்கூட இல்லை, “சரிடா” என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அந்த ரூம் அப்புறம் ஜெராக்ஸ் கடையாயிற்று. எனக்கு அந்த ‘சரிடா’ இன்னும் கேட்கும், அதிலும் ஆபீஸில் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது.

மாமாவிடமும் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை. பில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். இரண்டு பேரும் நனைந்துகொண்டேதான்.

கட்டடம் போனாலும் அந்தக் காலி மனை சும்மா இருக்கவில்லை. 1974 நவம்பரில், ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் நியூயார்க்கில் காலமானார். உடலை ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். ஊ நூவின் பழைய சிநேகிதர் என்பதால் நே வினுக்கு அவரைப் பிடிக்காது. அரசு மரியாதை கிடையாது. டிசம்பர் 5-ம் தேதி, ரேஸ் மைதானத்தில் வைத்திருந்த சவப்பெட்டியை மாணவர்கள் அப்படியே தூக்கிக்கொண்டு வளாகத்துக்குப் போய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் தெரியுமா? யூனியன் கட்டடம் நின்ற அதே இடத்தில். சமாதியும் கட்டினார்கள். டிசம்பர் 11, அர்த்தராத்திரி தாண்டி பட்டாளம் புகுந்து, தோண்டி எடுத்துக்கொண்டு போய் ஷ்வேடகான் பக்கத்தில் புதைத்தது. ஊரில் கலவரம், மறுபடியும் துப்பாக்கி.

மாமா அப்போது பாரிமுனை ஆபீஸில். பேப்பரில் செய்தியைப் படித்துவிட்டு, பக்கத்து சீட்காரரிடம், “அது எங்க இடம் சார், நான் குடை வெச்ச இடம்” என்றாராம். அவர், “அப்படியா? வவுச்சர் முடிஞ்சுதா?” என்றாராம்.

1988 ஜூலையில் நே வின் பதவி விலகினார். விலகுகிற அன்று, 26 வருஷம் கழித்து, கட்டடத்துக்கு வெடி வைத்தது நான் இல்லை என்று ஒரு விளக்கம் வந்தது. அப்போது இரண்டாவது இடத்தில் இருந்த ஆங் ஜீதான் உத்தரவு போட்டாராம். ஆங் ஜீ 1963-லேயே பதவியிலிருந்து போய்விட்டவர். காணாமல் போன ஃபைலுக்கு, மாற்றலாகிப் போனவர் மேல் பழி போடுவது நமக்குத் தெரிந்த வித்தைதான். தபால் ஆபீஸில் பழகியது போலிருக்கிறது. அவர் 2002-ல் வீட்டுக் காவலில் இறந்தார். தேதி டிசம்பர் 5. சவப்பெட்டியை மாணவர்கள் தூக்கிக்கொண்டு போன அதே தேதி. காலண்டருக்கும் சில சமயம் குறும்பு உண்டு.

1988 எழுச்சிக்குப் பிறகு அந்த வளாகத்தில் இளங்கலை வகுப்புகளையே எடுத்துவிட்டார்கள். பையன்கள் கூடினால்தானே வம்பு, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சிதறடித்தார்கள். 2012-ல் ஒபாமா அதே வளாகத்தில் வந்து பேசினார். 2013-ல் இளங்கலை மாணவர்கள் திரும்ப வந்தார்கள். ஒவ்வொரு ஜூலை 7-ம் பையன்களும் பெண்களும் அந்த இடத்தில் கூடி அஞ்சலி செலுத்துவார்கள். மாமாவுக்கு என் போனில் அந்த போட்டோக்களைக் காட்டினேன். முகங்களைப் பார்க்கவில்லை, பின்னாலிருந்த மரங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது இருந்துச்சு... இது புதுசு...” 2021 பிப்ரவரி 1-ல் மறுபடியும் ராணுவம். போட்டோ காட்டுவதை நானும் நிறுத்திக்கொண்டேன்.

2025 ஜூலை 7. திங்கட்கிழமை. ஆபீஸ் முடிந்து வியாசர்பாடி போனேன். மாமாவுக்கு எண்பத்தொரு வயசு, நடை குறைந்துவிட்டது. இதை எழுதப் போகிறேன் என்று அனுமதி கேட்டேன். கல்லாவில் போய் உட்கார்ந்ததையும் எழுதுவேன் என்றேன். என் மூன்றாவது கையெழுத்தையும் அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமியாரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு காபி போடச் சொன்னார். இருபத்தேழு வருஷத்தில் இரண்டாவது காபி இதுதான் முதல் தடவை.

“அவன் பேரைப் போடுவீங்களா?” என்றார்.

“சொன்னா போடறேன் மாமா.”

சொன்னார். எழுதிக்கொண்டேன். உடனே கையை ஆட்டினார்.

“வேணாம், அடிச்சிடுங்க. உயிரோட இருந்தான்னா... அங்க இப்பவும் பட்டாளம்தானே. அவனுக்கு எதுக்கு வம்பு?”

“தமிழ்ப் பத்திரிகையை அங்க யார் மாமா படிக்கப் போறாங்க?”

“கமாயூட்ல நம்ம ஆளுங்க இன்னும் இருக்காங்க. யாராவது படிச்சுச் சொல்வாங்க. அவனும் எங்கயாவது பேங்க்ல நின்னு கட்டை விரலை வெச்சுக்கிட்டு இருப்பான்.” யோசித்தார். “குடையைப் பத்தி மட்டும் எழுதுங்க. கறுப்புத் துணி. மரக் கைப்பிடி. கைப்பிடியில பேனாக்கத்தியால மயில் ஒண்ணு செதுக்கியிருப்பான். ஒரு கால் சரியா வரல, நொண்டி மயில் மாதிரி இருக்கும். அதை எழுதினா போதும். அவனுக்குத் தெரிஞ்சிடும்.”